முப்பத்தேழாவது அத்தியாயத்துல ஒரு பட்டன்

...இல்ல சார், பட்டன் இன்னும் வைக்கல. கோட்டு ரெடி. வெளுத்தாச்சு, தேச்சாச்சு, கவர் போட்டாச்சு. பட்டன் மட்டும் இல்ல. டோக்கனை நீட்டிக்கிட்டே நின்னா எப்படி? டோக்கன்ல நம்பர்தான் இருக்கு, பட்டனா இருக்கு? நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க. சலவை என் வேலை, இஸ்திரி என் வேலை. ஊசி நூல் பக்கம் நான் போறதே கிடையாது. போனா உங்க கோட்டையும் என் விரலையும் சேத்துத் தெச்சுருவேன். பட்டன் வைக்கிறவ மாடியில இருக்கா. ஒம்போது நாளா மாடியிலதான் இருக்கா.

...ஏனா? அதைத்தானே சார் சொல்ல வர்றேன், உக்காருங்க மொதல்ல. ஐயையோ, அந்த நாற்காலி வேணாம், கிறீச்சுங்கும். அந்த ஒரு கிறீச்சுக்காக எனக்கு ஆறு தடவை குறிப்பு வந்திருக்கு. இப்படி இஸ்திரி மெஷின் பக்கமா உக்காருங்க, கதகதன்னு இருக்கும். எங்க வீட்டுக்காரர் வேன்ல துணி எடுக்கப் போயிருக்கார். வந்ததும் மாடிக்கு அனுப்பி அவளைக் கேக்கச் சொல்றேன். நான் போக முடியாது. நான் போனா கதவு தெறக்காது.

ஒரு நிமிஷம், இந்த போனைப் பாத்துக்கிறேன்... ம்ஹும். ஒண்ணுதான். ஒண்ணுமில்ல சார், ஒண்ணுன்னு காட்டுது, அவ்வளவுதான்.

எல்லாம் இந்தப் புத்தகம் படிக்கப் போய் வந்த வினை. ...நீங்க படிக்கிற மாதிரி இல்ல, நான் சத்தமா படிக்கிறேன். ஒலிப்புத்தகம். கேள்விப்பட்டதில்லையா? உலகம் பூரா இருந்து வேலைவெட்டி இல்லாதவங்க... சரி, வேலைவெட்டி இருக்குறவங்களும்தான், ஆளுக்கொரு பழைய புத்தகத்தை எடுத்து வெச்சுக்கிட்டு, வாய்விட்டுப் படிச்சு, பதிவு பண்ணி, இணையத்துல போட்டுருவோம். யார் வேணும்னாலும் ஓசியில கேக்கலாம். பழசுன்னா நிஜமாவே பழசு. எழுதினவர் செத்து அவரோட பேரப்பிள்ளைக்கே பல்லு கொட்டியிருக்கணும், அப்பத்தான் விடுவாங்க. அதுவும் நல்லதுதான். நான் படிக்கிறதைக் கேட்டுட்டு அந்த மனுஷன் சண்டைக்கு வர முடியாது பாருங்க.

ஸ்டுடியோவா? இருக்கே! அந்தக் கதவுக்குப் பின்னாடி. முன்னூறு கோட்டு தொங்குது உள்ள. கம்பளிக்கு நடுவுல நின்னு பேசினா எதிரொலின்ற பேச்சே கிடையாது. மத்தவங்கல்லாம் சுவத்துக்குப் பஞ்சு வாங்கி ஒட்டுறாங்க; எனக்கு ஊரு ஜனமே கோட்டைக் கொண்டாந்து மாட்டிட்டுப் போகுது. உங்க கோட்டும் மூணு வாரமா அங்கதான் தொங்குச்சு. நான் முப்பத்தேழாவது அத்தியாயம் படிச்சப்ப என் மூஞ்சிக்கு நேரா உங்க கோட்டுதான். சுவத்துக்குக் காது உண்டும்பாங்க. கோட்டுக்கு இல்லாம இருந்தா சரி.

புத்தகம் என்னன்னா, ஒரு படகோட்டி. ஆத்தைக் கடக்கணும். அவ்வளவுதான் கதை. நாப்பத்திரண்டு அத்தியாயம்! அதுல முப்பதாவதுலதான் சார் அந்த ஆளு படகுலயே ஏறுறான். அதுவரைக்கும் வானத்தைப் பாப்பான், வலையைப் பாப்பான், படகுல இருக்குற ஓட்டையைப் பாப்பான். நான்தான் தேடி எடுத்தேன், யாரையும் குத்தம் சொல்ல முடியாது. பதவிசா இருக்கே, படிக்கச் சுலபமா இருக்குமேன்னு எடுத்தேன்.

எத்தனை பேரு கேட்டிருப்பாங்கன்னு நெனைக்கிறீங்க? சும்மா ஒரு நம்பர் சொல்லுங்க. ...நூறா! சார், அறுபதாயிரம் பேரு! அறுபதாயிரம்! ...பாத்தீங்களா, வாயைப் பொளக்குறீங்க. எல்லாரும் அப்படித்தான் பொளப்பாங்க. நானும் பொளந்தேன். கடையில வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் போனை நீட்டிக் காட்டினேன். பேன்ட் கறை போகலன்னு சண்டை போட வந்தவர்கிட்டகூடக் காட்டினேன்னா பாத்துக்குங்க.

அப்புறம்தான் கீழ என்ன எழுதியிருக்காங்கன்னு படிச்சேன். மொதல் ஆளு, 'சகோதரி, உங்கள் குரல் ஒரு வரம்'னு ஆரம்பிச்சிருக்கார். வரமாம்! எனக்குக் காலு தரையில பாவல. மேல படிக்கிறேன், 'மூணு வருஷமா மாத்திரை போட்டும் வராத தூக்கம், நீங்க அத்தியாயம் ஒண்ணுன்னு சொன்னதுமே வந்துருச்சு.' அடுத்தவர் லாரி ஓட்டுறவராம். 'தயவுசெஞ்சு யாரும் வண்டி ஓட்டும்போது இதைக் கேக்காதீங்க'ன்னு பொதுநலத்துக்காகப் போட்டிருக்கார். ஒரு பல் டாக்டர், 'ஊசி போடுறதுக்கு முன்னாடி இவங்க குரலைத்தான் போட்டு விடுறேன், ஊசியே பாதிதான் செலவாகுது'ங்குறார். ஒரு அம்மா, ரெட்டைக் குழந்தைக்காரி, 'ரெண்டும் ஒரே நேரத்துல தூங்குது, நீங்க நூறு வயசு இருக்கணும்'னு வாழ்த்தியிருக்கா. வாழ்த்திட்டு நாலு நட்சத்திரம்தான் குடுத்திருக்கா! ஏன் நாலுன்னு கேட்டா, அஞ்சாவதைத் தொடுறதுக்குள்ள அவளும் தூங்கிட்டாளாம்.

இது பாராட்டா சார்? நீங்களே சொல்லுங்க. ழகரம் தவறாம, எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்தி, தொண்டை கட்டிக்கிட்டுப் படிக்கிறேன். இன்னொருத்தி இருக்கா, பேய்க்கதை படிப்பா, அவளுக்கு 'மயிர்க்கூச்செறிந்தது'ன்னு எழுதுறாங்க. எனக்கு 'குறட்டை விட்டேன், நன்றி.' எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி அழுதேன். 'இதுல என்ன ஆச்சரியம், நான் இருபது வருஷமா உன் பேச்சைக் கேட்டுத்தானே தூங்குறேன்'னுட்டார். அறுபதாயிரத்துக்கு முன்னாடியே மொதல் ரசிகர் வீட்டுலயே இருந்திருக்கார்.

கணக்கைப் பாத்தீங்கன்னா இன்னும் கேவலம். மொத அத்தியாயம் அறுபதாயிரம். ரெண்டாவது நாலாயிரம். மூணாவது முன்னூத்திப் பத்து. பத்தாவதுக்கு மேல ரெண்டு. ஆமா சார், ரெண்டே ரெண்டு. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ரெண்டு.

அந்த ரெண்டுல ஒண்ணு யாருன்னு எனக்குத் தெரியும். படிச்சதைப் போடுறதுக்கு முன்னாடி சரிபாக்குறதுக்குன்னு ஒரு ஆளு உண்டு. அவரும் சும்மா செய்யுறவர்தான், போட்ட பிறகும் ஒரு தடவை கேட்டுப் பாப்பார். நான் அவருக்குப் பாம்புச்செவின்னு பேர் வெச்சிருக்கேன். 'ஏழாவது நிமிஷம், பன்னெண்டாவது செகண்டு, நீராவிச் சத்தம்.' 'மூணாவது நிமிஷம், நாற்காலி கிறீச்.' எங்கயோ ஒரு ஊருல உக்காந்துக்கிட்டு என் கடை நாற்காலியைக் கண்டுபுடிக்கிறார்! இன்னொண்ணு நான்தான்னு நெனச்சுட்டேன். பதிவு ஒழுங்கா ஏறியிருக்கான்னு தட்டிப் பாப்பேன்ல, அது கணக்குல சேந்திருக்கும்னு. பதிவு பண்ணினவங்களே கேட்டா கணக்குல ஏறாதுன்னு எனக்கு யாரு சொன்னா? பின்னாடிதான் தெரிஞ்சுது. எல்லாமே எனக்குப் பின்னாடிதான் தெரியும்.

...இதுக்கும் பட்டனுக்கும் என்ன சம்பந்தமா? வர்றேன் சார். அவசரப்பட்டா எப்படி, படகோட்டி முப்பது அத்தியாயம் பொறுத்திருக்கான்.

மாடியில இருக்கான்னேனே, அவ என் ஓரகத்தி. எங்க வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. அந்த ஜன்னலோரம் துணி போட்டு மூடியிருக்கு பாருங்க தையல் மெஷின், அதான் அவ எடம். பதினோரு வருஷமா அங்கதான் உக்காந்து தைக்கிறா. பேச்சே கிடையாது. 'அக்கா, நூல் தீந்துருச்சு.' 'அக்கா, கத்திரி எங்க?' ஒரு நாளைக்கு ரெண்டு வாக்கியம், அதுல மூணாவது வந்தா அன்னைக்கு மழை. எனக்குத்தான் வாய் ஓயாதே, நான் அவளுக்கும் சேத்துப் பேசிருவேன். அவ ஒரு காதுல ஒயரை மாட்டிக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, அவ பாட்டுக்குத் தெச்சுக்கிட்டு இருப்பா. ஏதோ பாட்டு கேக்குறான்னு நெனச்சேன். ஆனா கை இருக்கே சார், கைன்னா கை. பட்டனுக்கு எப்பவும் ரெட்டை நூல்தான். ஒத்தை நூலு துரோகம்பா. அவ வெச்ச பட்டன், துணி கிழிஞ்சாலும் கிழியும், பட்டன் கழண்டு வராது.

என் கொழுந்தன் போய்ச் சேந்து ரெண்டு வருஷம் ஆச்சு. திடீர்னு. காலையில வேனைக் கழுவிக்கிட்டு இருந்தவன், மத்தியானம் இல்ல. நான் ஊரே கேக்குற மாதிரி அழுதேன். என் வாய் அதுக்கும் பெருசுதான். இவ அழல. ஒரு சொட்டு இல்ல. அவனுக்குப் போட எடுத்து வெச்ச சட்டையில ரெண்டாவது பட்டன் இல்லன்னு, அத்தனை கூட்டத்துக்கு நடுவுல உக்காந்து, ஊசியில நூல் கோத்து, பட்டன் வெச்சா. எனக்கு அதைப் பாத்து வயிறு எரிஞ்சுது. அதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. என்னை மாதிரி ஓட்டை வாய் ஒண்ணைச் சொல்லாம ரெண்டு வருஷம் வெச்சிருந்தா அது உள்ள என்ன ஆகும்? ஊறிப் புளிச்சுப் போகும்.

மூணு வாரம் முன்னாடி சாப்பாட்டு நேரம். நான் கேட்டேன், 'ஏன்டி, நான் ஒரு புத்தகம் படிக்கிறேன், ஊரு உலகமெல்லாம் கேக்குது, நீ ஒரு தடவையாவது கேட்டியா?' அவ லேசா சிரிச்சா. நூலைப் பல்லால கடிச்சு அறுத்தா. அவ்வளவுதான் பதில். எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. வெளியில இருக்குறவன் தூங்குறான், வீட்டுல இருக்குறவ கேக்குறதே இல்ல, பாம்புச்செவி நாற்காலியை மட்டும் கேக்குறார். நான் யாருக்குத்தான் படிக்கிறேன்? செவிடன் காதுல ஊதின சங்கா நான்? நேரா உள்ள போனேன். கோட்டுங்களுக்கு நடுவுல நின்னேன். முப்பத்தேழாவது அத்தியாயம். பதினாலாவது நிமிஷம்.

படிச்சுக் காட்டவா? அப்படியே ஞாபகம் இருக்கு, மறந்தாத்தானே. 'படகோட்டி வானத்தைப் பார்த்தான். மேகம் இருந்தது. எங்கள் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள். பதினோரு வருடங்களாக வாய் திறக்காமல் தைக்கிறாள். கட்டிய கணவன் இறந்த அன்று ஊரே அழுதது, அவள் அழவில்லை. உட்கார்ந்து பட்டன் தைத்தாள். கல்லுக்குக் கை முளைத்தால் அதுதான் அவள். படகோட்டி துடுப்பை எடுத்தான்.'

அதே குரல், அதே ஏத்த இறக்கம். யாராவது கேக்குறாங்களான்னு பாப்போமேன்னுதான் சார் செஞ்சேன்! சத்தியமா! பாம்புச்செவிக்கு அனுப்பினேன். ரெண்டு நாள்ல பதில் வருது: 'பிழை ஏதும் இல்லை. அருமை.' அருமையாம்! நாற்காலி கேக்குது, நடுவுல ஓரகத்தி வந்து பட்டன் தெச்சுட்டுப் போறது கேக்கல. பாம்பும் தூங்கிருச்சுன்னு சிரிச்சுக்கிட்டே நானும் போட்டுட்டேன். அதை அழிக்கணும்னு எனக்குத் தோணல பாருங்க. யாரு கேக்கப் போறான்னு ஒரு திமிரு.

ஒம்போது நாளைக்கு முன்னாடி தற்செயலாப் பாத்தா, முப்பத்தேழுக்குக் கீழ ஒருத்தர் எழுதியிருக்காங்க. பேரு 'ரெட்டை நூல்'. ஒரே வரி. 'பதினாலாவது நிமிஷம். இது புத்தகத்துல இல்லையே அக்கா.'

அக்கான்னு போட்டிருந்துச்சு சார்.

திரும்பிப் பாக்குறேன், ஜன்னலோரத்துல உக்காந்து உங்க கோட்டை மடியில வெச்சுக்கிட்டு பட்டன் டப்பாவைக் கிளறிக்கிட்டு இருக்கா. ஏறிட்டுப் பாக்கல. சாயங்காலம் கோட்டை ஹேங்கர்ல மாட்டிட்டு, மெஷினுக்குத் துணியைப் போத்திட்டு, மாடிக்குப் போனவதான். தவளை தன் வாயால கெடும்பாங்க. நான் கெட்டது மட்டுமில்ல, உலகம் பூரா கேக்குற மாதிரி, ஓசியில, ஒலிப்பதிவு பண்ணிக் கெட்டிருக்கேன்.

அதுக்கப்புறம்தான் பழசையெல்லாம் எடுத்துப் பாத்தேன். மூணாவது அத்தியாயத்தோட, கீழ எழுதுறதைப் படிக்கிறதையே விட்டுட்டேன் நான், எதுக்கு, தூங்கிட்டேன் தூங்கிட்டேன்னுதானே இருக்கும்னு. நாலாவதுல இருந்து ஒவ்வொரு அத்தியாயத்துலயும் இருக்கு சார் அவ எழுதினது. ஒண்ணு விடாம. அஞ்சாவதுல, 'தூக்கம் வரும்னு எல்லாரும் சொன்னாங்கன்னு போட்டேன். வரல. படகு ஓட்டைன்னு அவனுக்குத் தெரியுமா தெரியாதா?' பன்னெண்டாவதுல, 'இன்னைக்குக் குரல் கம்முது. வெந்நீர் குடிங்க.' அடுத்த நாள் மேஜையில வெந்நீர் இருந்துச்சு! எங்க வீட்டுக்காரர் வெச்சாருன்னு நெனச்சு அவரைப் பத்து நாள் கொண்டாடினேன். அந்த மனுஷனுக்கு அடுப்பு எந்த ரூம்ல இருக்குன்னே தெரியாது, அப்பவாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேணாமா? அவரும் கம்முன்னு கொண்டாட்டத்தை வாங்கி வெச்சுக்கிட்டார் பாருங்க.

இருபதாவதுல... இருபதாவதுல படகோட்டியோட பொண்டாட்டி செத்துப்போவா. அவன் அழ மாட்டான். கிழிஞ்ச வலையை எடுத்து வெச்சுக்கிட்டு முடிச்சுப் போட்டுக்கிட்டே இருப்பான். அந்த எடத்தை நான் நல்லாப் படிச்சிருக்கேன், எனக்கே தெரியும், நாலு தடவை திரும்பப் பதிவு பண்ணினேன். அதுக்குக் கீழ எழுதியிருக்கா. 'இதைப் புரிஞ்சவங்கதான் இப்படிப் படிக்க முடியும். நன்றி.'

புரிஞ்சவங்களாம்! யாரு, நானா? நான் எங்க சார் புரிஞ்சேன்? படகோட்டி வலை பின்னினா நான் உருகி உருகிப் படிக்கிறேன். என் வீட்டுக்குள்ள, என் கண்ணு முன்னாடி ஒருத்தி பட்டன் வெச்சா அது கல்லு. அறுபதாயிரம் பேரு வேணும்னு அலைஞ்சேன். ஒருத்தி முழுசா கேட்டிருக்கா. அந்த ஒருத்தியைத்தான் தேடிப் புடிச்சு அடிச்சிருக்கேன். இதுக்கு நான் ஊமையாப் பொறந்திருக்கலாம்.

மன்னிப்பா? மாடிப்படி ஏறி மூணு தடவை போனேன். கதவுக்கு முன்னாடி நின்னா வார்த்தையே வரல. எனக்கு! வார்த்தை வரல! எங்க வீட்டுக்காரர் டாக்டரைக் கூப்பிடவான்னு கேட்டார். அப்புறம்தான் நாலு நாளைக்கு முன்னாடி திரும்ப உள்ள போய், அந்த அத்தியாயத்தை மறுபடி மொதல்ல இருந்து படிச்சேன். பதினாலாவது நிமிஷத்துல படகோட்டி மட்டும்தான். கடைசியில, பத்தொம்பதாவது நிமிஷத்துல, புத்தகத்துல இல்லாத நாலு வரி சேத்தேன். ...என்ன சேத்தேனா? அது உங்களுக்கு எதுக்கு? அது அவளுக்கு. பாம்புச்செவி கேட்டுட்டு என்ன எழுதினார் தெரியுமா? 'பிழை ஏதும் இல்லை. அருமை.' அந்த ஆளு நாற்காலிக்கு மட்டும்தான் முழிச்சுக்குவார்.

பழசை எடுத்துட்டுப் புதுசைப் போட்டாச்சு. கணக்கு பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும். இப்ப ஒண்ணு. அது பாம்புச்செவி. ரெண்டு ஆகுதான்னுதான் சார் நான் போனைப் பாத்துக்கிட்டே இருக்கேன். ரெண்டு நாளா ஒண்ணுதான். அறுபதாயிரத்துக்கு ஆசைப்பட்டவ, ஒண்ணு எப்படா ரெண்டாகும்னு உக்காந்திருக்கேன். நீங்களே சொல்லுங்க, அவ கேப்பாளா? ஒரு தடவை கேட்டா போதும். கேட்டுட்டுத் திட்டட்டும். ஆனா அவ திட்டவும் மாட்டாளே, அதானே கஷ்டம். என்ன நெனைக்கிறீங்க?

சார்?

...சார்!

அடப் பாவி மனுஷா! தூங்கிட்டீங்களா! எந்த எடத்துல தூங்கினீங்க? படகோட்டிகிட்டயா, பல் டாக்டர்கிட்டயா? அப்ப வாயைப் பொளந்தது ஆச்சரியமில்ல, கொட்டாவி! நான் மனசை அறுத்துக் கொட்டுறேன், நீங்க டோக்கனை மடியில வெச்சுக்கிட்டு... ம்ம். அறுபதாயிரத்து ஒண்ணு. நீங்க நாலு நட்சத்திரமாவது போடுங்க, மகராசனா இருங்க.

போனை எங்க வெச்சேன்... இதோ. ம்...

ரெண்டு.

ரெண்டுன்னு காட்டுது. சார், ரெண்டு! ...தூங்குங்க, தூங்குங்க. படிக்கட்டுல சத்தம் கேக்குது.

...வா. வா வா. ஒண்ணுமில்ல, இந்தக் கோட்டுக்காரர். பட்டனுக்காக வந்தார், பாவம், அசந்துட்டார். நான் ஒண்ணும் பண்ணல, பேசிக்கிட்டுதான் இருந்தேன். உக்காரு. மெஷின்மேல தூசு இருக்கும், நான் தட்டுறேன். ...சரி, நீயே தட்டிக்க. பட்டன் டப்பா அங்கயே இருக்கு, நான் தொடல. ஜன்னலைத் தெறக்கவா, வெளிச்சம் போதுமா? வெந்நீர் எதுவும்... சரி. நான் பேசல. வாயை மூடிக்கிறேன்.

...என்னது? சத்தமா சொல்லு.

...பத்தொம்பதாவது நிமிஷமா? அதுல என்ன?

...மூக்கு உறிஞ்சுற சத்தமா! ஏய், அது... அது கம்பளித் தூசுடி. முன்னூறு கோட்டுக்கு நடுவுல நின்னு பாரு, உனக்கும் வரும். பாம்புச்செவிக்கே கேக்கல, உனக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சு? ...சரி, சரி, ஒத்துக்கிறேன், பிழைதான். அந்த எடத்தை வெட்டிட்டு மறுபடி பதிவு பண்ணிடுறேன்.

...வேணாமா?

...இருக்கட்டுங்குறியா?

சரி. இருக்கட்டும்.

...என்ன, முப்பத்தெட்டு எங்கயா? இன்னும் படிக்கலடி. எங்க படிக்கிறது, யாருக்குப் படிக்கிறதுன்னு விட்டுட்டேன். படகோட்டி கரை சேந்தானா இல்லையான்னு இப்பவே சொல்லிரவா? ...சொல்லக் கூடாதா! அப்ப இரு, இந்தா போறேன் உள்ள. நீ கோட்டை முடி. அந்த நாற்காலியை மட்டும் நகத்தாத, கிறீச்சுங்கும், அவரு முழிச்சுக்குவார்.